முதுமரங்களின் உலக வரைபடம்: சிவப்புப் பென்சிலோடு ஒரு மதிப்புரை

நான் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். சுவர் வரைபடம் என்றால் எனக்குக் கொஞ்சம் பேராசை உண்டு. நாடுகளின் எல்லைகள், ஆறுகள், மழையளவு என்று எத்தனையோ வரைபடங்களை வகுப்பறைச் சுவர்களில் மாட்டியிருக்கிறேன். ஆனால் மரங்களை மட்டும், அதுவும் தனித்தனி மரங்களை, பெயரும் முகவரியுமாகக் குறித்துக் காட்டும் உலக வரைபடத்தை நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று வந்திருக்கிறது, கூடவே அறுபத்துச் சொச்சம் பக்கத்தில் விளக்கக் கையேடும் தருகிறார்கள் என்றதும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். இப்போது கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வாங்கியதில் வருத்தமில்லை. ஆனால் ஆசிரியைக் குணம் போகுமா? கையில் சிவப்புப் பென்சிலோடுதான் அதன் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன்.

முதலில் பொருளின் தரம். ஐந்தடி அகலம், மூன்றரை அடி உயரம். தாள் தடிமனானது, பளபளப்பில்லாதது. எதிரே ஜன்னல் இருந்தாலும் வெளிச்சம் பட்டுக் கண் கூசுவதில்லை. கடலுக்கு வழக்கமான நீலத்தைப் பூசாமல் வெளிர் மண்நிறத்தில் விட்டிருக்கிறார்கள், நல்ல ரசனை. உயிரோடு நிற்கும் மரங்களுக்குப் பச்சை வட்டம்; விழுந்தவை, வெட்டப்பட்டவைக்குச் சாம்பல் வட்டம். இரண்டும் ஒரே அளவு. செத்த மரத்துக்கும் வரைபடத்தில் சம இடம் கொடுத்த அந்த முடிவுதான் இந்த வெளியீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிடிக்காததை இப்போதே சொல்லிவிடுகிறேன். மெர்கேட்டர் முறையில் வரைந்திருக்கிறார்கள். மாலுமிகளுக்காக 16-ஆம் நூற்றாண்டில் உருவான முறை அது. திசைக் கோணம் மாறாது என்பது அதன் பலம். துருவத்தை நெருங்க நெருங்கப் பரப்பு ஊதிப் பெருகும் என்பது அதன் பலவீனம். கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. மரங்களுக்கான வரைபடத்தில் பனி மூடிய கிரீன்லாந்துக்கு அவ்வளவு இடம் எதற்கு? அதன் விளைவாக ஆப்பிரிக்காவின் மரப்பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பரப்பை மதிக்கும் முறைகள் எத்தனையோ இருக்கின்றன. இதற்கு அரை மதிப்பெண் பிடித்தம், முறையீட்டுக்கு இடமில்லை.

சில மரங்களுக்கு மட்டும் கோட்டோவியம் உண்டு. கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் இருக்கும் மெதூசலா என்ற பிரிசில்கோன் பைன் மரத்தின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வரைந்தவர் அந்த மரத்தைப் புரிந்துகொண்டு வரைந்திருக்கிறார். தண்டின் பெரும்பகுதி பட்டை உரிந்து, காற்றும் பனித்துகளும் இழைத்த வெறுங்கட்டை. அதில் கோடுகளை நெருக்கமாக, முறுக்கிய திசையிலேயே ஓட்டியிருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் கீழிருந்து மேலாக ஒரு பட்டைக்கீற்று ஏறுகிறது. அந்தக் கீற்று போய்ச் சேரும் கிளையில் மட்டுமே ஊசியிலைக் கொத்துகள். நிஜத்திலும் அப்படித்தான். இந்த இனம் வேர் ஒன்று செத்தால் அதற்கு நேர் மேலே உள்ள தண்டுப் பகுதியை மட்டும் இழந்துவிட்டு, மிச்சமுள்ள கீற்றின் வழியே நீரை ஏற்றிக்கொண்டு பிழைத்துக் கிடக்கும். வளமான மண்ணில் நிற்பவை சீக்கிரம் பெருத்துச் சீக்கிரம் அழுகுகின்றன. சுண்ணாம்புப் பாறைச் சரிவில், மழை அரிதான இடத்தில் நிற்பவைதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாண்டுகின்றன. எட்மண்ட் ஷுல்மன் என்ற மரவளைய ஆய்வாளர் இதைக் கண்டுகொண்டு, உயரமான அழகான மரங்களை விட்டுவிட்டுக் குட்டையான கோணல் மரங்களைத் தேடிப் போனார். 1957-இல் அவர் மெதூசலாவில் துளையிட்டுப் பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவி எடுத்தார்; 4,700-க்கும் மேற்பட்ட ஆண்டுகள் அதில் இருந்தன. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார், ஐம்பது வயதைக்கூடத் தொடாமல்.

அந்த மலைக்காட்டில் மெதூசலா நிற்கும் தோப்பு வழியாக நடைபாதை இருக்கிறது. யாரும் போகலாம். ஆனால் எது மெதூசலா என்று பலகை கிடையாது. கிளை ஒடிப்பவர்களும் பெயர் செதுக்குபவர்களும் வரக்கூடாது என்று அமெரிக்க வனத்துறை அடையாளத்தை வெளியிடுவதில்லை. வரைபடமும் தோப்பின் மேல் வட்டம் போட்டதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. பாராட்டலாம் என்று கையேட்டைப் புரட்டினால், 115 மீட்டருக்கும் மேலான உயரத்தால் புகழ்பெற்ற ஹைபெரியன் என்ற கலிபோர்னிய ரெட்வுட் மரத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளியோடு அச்சடித்து வைத்திருக்கிறார்கள்! 2006-இல் கண்டறியப்பட்ட அந்த மரத்தைத் தேடிப் பாதையில்லாத காட்டுக்குள் கூட்டம் கூட்டமாகப் போய், அடித்தரையை மிதித்துப் பெரணிகளே முளைக்காதபடி ஆக்கிவிட்டார்கள். 2022-இல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடி, மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் என்று அறிவித்தது. மேலும் ஹைபெரியனின் வயது சில நூற்றாண்டுகள்தான். உயரத்துக்குப் பெயர் பெற்ற மரத்துக்கு முதுமர வரைபடத்தில் என்ன வேலை? ஆர்வக்கோளாறு என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. என் பிரதியில் அந்த வரியை மை பூசி மறைத்துவிட்டேன்.

மெதூசலாவுக்குக் கொஞ்சம் கிழக்கே, நெவாடாவில், ஒரு சாம்பல் வட்டம் இருக்கிறது. பெயர் புரொமீதியஸ். கையேட்டில் மிக நன்றாக எழுதப்பட்ட பக்கம் இதுதான். டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர் 1964-இல் வீலர் சிகரத்தின் பனிப்பாறைகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். பனி எப்போது முன்னேறியது, எப்போது பின்வாங்கியது என்று அறிய, அங்கு நின்ற பழைய பிரிசில்கோன் மரங்களின் வளையங்கள் அவருக்குத் தேவைப்பட்டன. 114 என்று எண்ணிட்டிருந்த மரத்தை வெட்ட வனத்துறையிடம் அனுமதி கேட்டார், கொடுத்தார்கள், வெட்டினார்கள். பிறகு உட்கார்ந்து எண்ணினால் 4,844 வளையங்கள். பின்னாளில் இன்னொருவர் எண்ணியதில் 4,862. அன்றைக்குத் தெரிந்திருந்த எந்த மரத்தையும்விட மூத்த மரத்தை, அது மூத்தது என்று தெரிந்துகொள்வதற்காகவே வெட்டியாகிவிட்டது. துளையிடும் கருவி உள்ளே உடைந்துவிட்டதால் வெட்ட நேர்ந்தது என்று ஒரு கதை உண்டு, அதற்கு மாறான கதைகளும் உண்டு. கையேடு எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டையும் சொல்கிறது. அந்த மாணவரைக் கொடூரனாகச் சித்திரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? அந்தப் பகுதி 1986-இல் தேசியப் பூங்காவானது.

இங்கே இன்னொரு பத்தி இருந்திருக்க வேண்டும், இல்லை. பிரிசில்கோன் மரங்கள் மனித வரலாற்றுக்குச் செய்த ஆகப்பெரிய உபகாரத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். கதிரியக்கக் கரிமத்தை வைத்துப் பழம்பொருளின் வயதைக் கணிக்கும் முறை வந்தபோது, காற்றில் அந்தக் கரிமத்தின் அளவு எக்காலத்திலும் ஒரே சீராக இருந்தது என்று வைத்துக்கொண்டார்கள். அது உண்மையில்லை என்று காட்டியவை இந்த மரங்கள். ஒவ்வொரு வளையமும் எந்த ஆண்டில் உருவானது என்று எண்ணியே தெரிந்துகொள்ளலாம்; அதே வளையத்தைக் கரிம முறையில் அளந்தால் என்ன வயது வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பார்த்தார்கள். கி.மு. 1000-க்கு முந்தைய கணிப்புகள் பல நூற்றாண்டுகள் குறைவாக வந்திருந்தன. திருத்திப் போட்டதும் மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற் கல்லறைகளும் மால்ட்டாவின் கற்கோயில்களும் எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையவை என்று ஆயிற்று. நாகரிகமெல்லாம் கிழக்கிலிருந்து மேற்கே பரவியது என்று எழுதியிருந்த பாடங்களை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. கலிபோர்னிய மலையில் நிற்கும் ஒரு கோணல் மரம் மால்ட்டாவின் காலத்தைத் திருத்துகிறது! வரைபடத்தில் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்திருந்தால் போதும், எந்த மாணவனும் மறக்கமாட்டான். நானே பென்சிலால் இழுத்துவிட்டேன்.

சரி, முக்கியமான புகாருக்கு வருகிறேன். வயது.

வரைபடத்தில் எல்லா வயதும் ஒரே தடித்த எழுத்தில், ஒரே தோரணையில் நிற்கின்றன. எண்ணிப் பார்த்த வயது, ஏட்டில் எழுதிய வயது, ஊரார் சொல்லும் வயது, எல்லாம் ஒரே வரிசையில். ஜப்பானின் யாகுஷிமா தீவில் இருக்கும் ஜோமோன் சுகியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வயதுக் கணிப்புகள் 2,170 முதல் 7,200 வரை ஓடுகின்றன. ஐயாயிரம் ஆண்டு இடைவெளி! வரைபடம் கூசாமல் 7,200 என்று அச்சிட்டிருக்கிறது. ஈரானின் அபர்கூ சைப்ரஸுக்கு 4,000. எந்த வளையத்தை எண்ணி? ஸ்காட்லாந்தின் ஃபோர்ட்டிங்கால் யூ மரத்துக்கு 5,000. யூ மரம் வயதானால் உள்ளே கோறையாகிவிடும்; எண்ணுவதற்கு நடுத்தண்டே இருக்காது. தாமஸ் பென்னன்ட் என்ற இயற்கையியலாளர் 1769-இல் அளந்தபோது அதன் சுற்றளவு 56 அடிக்கும் அதிகம். அதன் பிறகு நினைவுப்பொருளுக்காக வெட்டிப்போனவர்கள் போக, இன்று தனித்தனித் துண்டுகளாக ஒரு மதில் வளையத்துக்குள் நிற்கிறது. பென்னன்டின் அந்த அளவுதான் உறுதியான ஆதாரம்; அதிலிருந்து வயதுக்குப் போவது பாதி கணக்கு, பாதி விருப்பம். இந்தப் பக்கத்தில் இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பொந்தியு பிலாத்து அந்த மரத்தடியில் பிறந்தான் என்ற கட்டுக்கதைக்கு நாலு வரி ஒதுக்கியவர்கள், 2015-இல் அந்த ஆண் மரத்தின் ஒரு கிளை மட்டும் பெண் தன்மை கொண்டு செம்பழம் விட்டதைச் சொல்லாமல் விட்டார்களே! கதையைவிட நிஜம் வியப்பாக இருக்கும்போது கதை எதற்கு?

சிலியின் 'கிரான் அபுவேலோ' இன்னும் நுட்பமான வழக்கு. அலெர்சே இனம். அதை 1972-இல் கண்டவர் ஒரு வனக்காவலர். அவருடைய பேரன் ஜொனாதன் பாரிச்சிவிச் வளர்ந்து விஞ்ஞானியாகி, 2022-இல் அதற்கு 5,484 வயது இருக்கலாம் என்றார். அப்படியானால் மெதூசலாவுக்கும் மூத்தது. ஆனால் அவருடைய துளைக்கருவி நடுத்தண்டை எட்டவில்லை. எண்ணிய வளையங்கள் ஒரு பகுதிதான். மீதியைப் புள்ளியியல் கணக்கால் நீட்டினார். 5,000-ஐத் தாண்டியிருக்க 80 சதவீத வாய்ப்பு என்பதுதான் அவர் சொன்னது. அவர் அவ்வளவு எச்சரிக்கையாகச் சொன்னதை வரைபடம் எச்சரிக்கையே இல்லாமல் எழுதிவிட்டது.

ஸ்வீடனின் ஓல்டு சிக்கோ, 9,550 ஆண்டு: அது வேரின் வயது. மேலே நிற்கும் தண்டு சில நூறு ஆண்டுதான். பழைய தண்டு செத்தால் அதே வேர் புதுத் தண்டு விடும். யூட்டாவின் பாண்டோ, ஒரே வேரிலிருந்து எழுந்த சுமார் 47,000 தண்டுகள், 43 ஹெக்டேர். இவற்றுக்கெல்லாம் தனிக் குறி வேண்டாமா? ஆகவே நானே போட்டேன். வளையம் எண்ணியதற்கு ஒரு கோடு, எழுத்துச் சான்று உள்ளதற்கு இரண்டு கோடு, ஊகத்துக்குக் கேள்விக்குறி. போட்டு முடித்ததும் பார்த்தால் ஐரோப்பா முழுக்கக் கேள்விக்குறிகள்.

என் பேரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியானால் உலகத்திலேயே மூத்த மரம் எது பாட்டி?"

"மரம் என்று எதைச் சொல்கிறாய் என்பதைப் பொறுத்தது. வேரா, தண்டா?"

"வரைபடத்தில் ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் அதை அடித்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்கிறீர்கள்" என்று அலுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணுக்காகத்தான் வாங்குவார்கள்.

இரண்டு கோடு பெற்ற மரங்களில் முதலிடம் அநுராதபுரத்தின் ஸ்ரீ மகா போதிக்கு. புத்தர் ஞானம் பெற்ற அரசமரத்தின் தென்கிளையை அசோகரின் மகள் சங்கமித்தை கடல் கடந்து கொண்டுவர, மன்னன் தேவநம்பிய தீசன் நட்டான் என்று மகாவம்சம் சொல்கிறது. கி.மு. 288 என்பது வழக்கமாகக் குறிக்கப்படும் ஆண்டு. மனிதர் நட்ட மரங்களில், நட்ட காலம் தெரிந்தவற்றுள் மிக மூத்தது என்று இதைச் சொல்வார்கள். இங்கே வளையம் எண்ணும் பேச்சே இல்லை. எவரும் துளையிடவும் விடமாட்டார்கள். வயதைக் காப்பாற்றி வைத்திருப்பது மரக்கட்டை அல்ல, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த காவலும் ஏடும். உயர்ந்த மேடை, பொன்வேலி, சாய்ந்த கிளைகளுக்கு முட்டுக்கால் என்று ஓவியரும் அதை மரமாக மட்டும் வரையாமல் அதன் சுற்றத்தோடு வரைந்திருக்கிறார். நல்ல முடிவு. புத்தகயையில் இருந்த மூலமரம் பலமுறை அழிந்தது. 1876-இல் புயலில் விழுந்த மரத்துக்குப் பதிலாகத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் 1881-இல் கன்று நட்டார். இன்று அங்கே நிற்பது அதுதான். ஆக, தாயின் இடத்தில் இருப்பதைவிட மகள் இரண்டாயிரம் ஆண்டு மூத்தவள். இந்த வேடிக்கையைக் கையேடு தவறவிடவில்லை. இரண்டு வட்டங்களையும் மெல்லிய புள்ளிக்கோட்டால் இணைத்தும் இருக்கிறார்கள். (மால்ட்டாவுக்கு மட்டும் ஏன் அந்த மனம் வரவில்லை?)

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் வேறொரு விதத்தில் விதிகளைக் குழப்புகிறது. 1864, 1867 புயல்களில் அடிபட்டு, பூஞ்சை பிடித்து, கடைசியில் 1925-இல் அதன் மூலத்தண்டையே அறுத்து எடுத்துவிட்டார்கள். மரம் சாகவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகளின் மேல் நின்றுகொண்டு இன்றும் நகர்ந்துகொண்டிருக்கிறது. சுற்றிவரப் போட்ட சாலையையும் தாண்டிப் பரவிவிட்டது. ஓவியர் நடுவில் ஒரு பெருந்தண்டை வரைந்து வைத்திருக்கிறார். நூறு ஆண்டுக்கு முன் போன தண்டு! சிவப்புப் பென்சிலால் சுழித்துவிட்டேன்.

ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னேன், இடம் நெருக்கடி என்று. எழுதியவை மட்டும் அருமை. சகாராவின் நடுவே, நைஜரில், டெனரே மரம் என்று ஒரு சாம்பல் வட்டம். ஒரேயொரு வேலமரம். சுற்றிலும் இருநூறு கிலோமீட்டருக்குள் வேறு மரமே இல்லை. அதனருகே 1938-39 குளிர்காலத்தில் கிணறு தோண்டியபோது முப்பது மீட்டருக்கும் கீழே நீர் இருந்தது. வேர் அதுவரை போயிருந்தது. ஒட்டகச் சாத்துகளுக்கு வழிகாட்டி அது. 1:40,00,000 அளவிலான வரைபடங்களிலேயே இடம்பெற்ற தனிமரம். பூகோளம் நடத்தியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்: அந்த அளவில் பெரிய ஊர்களே ஒரு புள்ளியாகத்தான் வரும், கிராமங்கள் வரவே வராது. அப்படிப்பட்ட மரத்தின் மேல் 1973-இல் ஒரு லாரி மோதிச் சாய்த்துவிட்டது. நாலா பக்கமும் வெட்டவெளி. மோதுவதற்கு இருந்தது அது ஒன்றுதான். ஓட்டுநர் குடித்திருந்தார் என்பார்கள். கட்டை இப்போது நியாமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரம் நின்ற இடத்தில் உலோகக் கம்பம். சாம்பல் வட்டங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு இந்த ஒன்றே போதும். உயிரோடு இருப்பவற்றை மட்டும் குறித்திருந்தால் இது சாதனைப் பட்டியலாகியிருக்கும். போனவற்றையும் குறித்ததால் வரலாறு உள்ளே வந்துவிட்டது.

பாவோபாப் பற்றிய பக்கத்தைப் படித்து மனம் கனத்தது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மிகப் பழைய பாவோபாப் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிகின்றன என்று 2018-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. மிக முதிய 13 மரங்களில் ஒன்பது, 2005-க்குப் பிறகு முழுமையாகவோ பகுதியாகவோ செத்துவிட்டன. ஜிம்பாப்வேயின் பாங்கே மரம் சுமார் 2,450 வயதில் போனது. பயணிகள் கடிதம் போட்டுவைத்துவிட்டுப் போகும் அஞ்சல்பெட்டியாக இருந்த போட்ஸ்வானாவின் சாப்மன் மரம் 2016 ஜனவரியில் சாய்ந்தது. காலநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். சாம்பல் வட்டங்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதைச் சுவரில் பார்க்கும்போது, கட்டுரையில் படிப்பதைவிடப் பளிச்சென்று உறைக்கிறது.

ஆனால் சியரா லியோனின் ஃப்ரீடவுன் இலவமரத்துக்குப் பச்சை வட்டம்! அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்று விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பலேறி 1792-இல் வந்திறங்கி, அந்த மரத்தடியில் கூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள் என்பது அந்த நகரத்தின் பிறப்புக் கதை. பணத்தாளிலும் அச்சிட்ட மரம். 2023 மே 24 அன்று மழைக்காற்றில் விழுந்துவிட்டது. வரைபடத்தின் அடியில் அதற்குப் பிந்தைய அச்சு ஆண்டு போட்டிருக்கிறது. இது பார்வைப் பிழை அல்ல, சோம்பல். இதற்கு ஒரு முழு மதிப்பெண் பிடித்தம்.

அட்லாண்டிக் கடலின் மறுகரையில் இதே வரலாற்றின் இன்னொரு கண்ணி இருக்கிறது: வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் 'விடுதலை ஓக்'. கறுப்பினக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது சட்டவிரோதமாக இருந்த மாநிலத்தில், மேரி பீக் 1861-இல் அந்த மரத்தடியில் பாடம் நடத்தினார். அடிமை விடுதலைப் பிரகடனத்தை 1863-இல் அங்கேதான் கூடிநின்று வாசிக்கக் கேட்டார்கள். மரம் இன்றும் நிற்கிறது. வயது பெரிதில்லை, ஆனால் இந்த வட்டத்தைச் சின்னதாகப் போட மனம் வராது. மரத்தடிப் பள்ளிக்கூடம் என்பதால் எனக்கு ஒருதலைப்பட்சம் இருக்கலாம்.

ஜெனரல் ஷெர்மன் இல்லாத மர வெளியீடு உண்டா? கலிபோர்னியாவில் நிற்கும் செக்கோயா இனம், கன அளவில் உலகின் மிகப்பெரிய தனித்தண்டு மரம், 83.8 மீட்டர் உயரம், சுமார் 1,487 கனமீட்டர். எல்லோரும் எழுதுவதை விட்டு, இதன் பெயர்க்கதையை எழுதியிருக்கிறார்கள். 1880-களில் அந்த மலையடிவாரத்தில் கவீயா என்ற பொதுவுடைமைக் குடியிருப்பு இருந்தது. அவர்கள் இந்த மரத்துக்கு வைத்திருந்த பெயர் கார்ல் மார்க்ஸ். 1890-இல் தேசியப் பூங்கா வந்தது, குடியிருப்பு கலைந்தது, உள்நாட்டுப் போர் தளபதியின் பெயர் நிலைத்தது. மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 2021 காட்டுத்தீயின்போது அதன் அடித்தண்டைச் சுற்றி அலுமினியத் தாள் போர்த்திக் காப்பாற்றினார்கள். ஐம்பது சென்டிமீட்டருக்கும் மேல் தடித்த பட்டை, தீயின் சூட்டில் கூம்பு திறந்து விதை சிந்தும் இயல்பு என்று நெருப்போடு பழகிய இனம் அது. அதற்கே போர்வை தேவைப்படும் அளவுக்கு நெருப்பின் குணம் மாறிவிட்டது. 2020, 2021 தீகளில் மட்டும் பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் அழிந்தன என்பது மதிப்பீடு.

விடுபட்டவை? நியூசிலாந்தின் தானே மஹூடா இருக்கிறது, ஆனால் அந்தக் கவுரி மரங்களைக் கொல்லும் வேரழுகல் நோய் காலணி மண்ணில் தொற்றிப் பரவுவதால் நடைபாதை வாசலில் காலணியைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்ற செய்தி இல்லை. லெபனானின் தேவதாருகள் ஒரே வட்டத்தில் அடங்கிவிட்டன. மெக்சிகோவின் தூலே மரத்துக்கு அரைப்பக்கம். பல மரங்கள் ஒட்டி வளர்ந்ததோ என்ற நெடுங்காலச் சந்தேகத்தை மரபணுச் சோதனை தீர்த்துவைத்தது, அது ஒரே மரம்தான். கையேட்டின் எழுத்து சிறியது, கண்ணாடி போட்டவர்கள் விளக்கு வெளிச்சத்தில் படிப்பது சிரமம். தையல் கட்டு உறுதியாக இருக்கிறது, தாள் உதிரவில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. வகுப்பறைக்கு வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் மாணவர்களிடம் கொடுக்கும் முன் ஒரு பென்சிலையும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டுக்கு வாங்குபவர்கள் கையேட்டை முதலில் படித்துவிட்டு வரைபடத்தைப் பார்ப்பது நல்லது, இல்லாவிட்டால் 7,200-ஐ நம்பிவிடுவீர்கள். பிழைகளைப் பட்டியலிட்டு வெளியீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். மெர்கேட்டரைப் பற்றி மௌனம் சாதித்தவர்கள், ஃப்ரீடவுனுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு சாம்பல் வட்ட ஒட்டுத்தாளை அனுப்பினார்கள். அளவு கொஞ்சம் பெரிது. ஒட்டினால் பக்கத்து நாட்டின் பாதியை மறைக்கிறது. கத்தரித்துத்தான் ஒட்டவேண்டும்.